ஜொகூரில் மீன்துறை தேர்ந்த வரலாறு

தமிழில் ‘கோடை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று வெயிற்காலம், மற்றொன்று மேற்கிலிருந்து வீசும் காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்ட முன்னோர், மேல்காற்றைக் கோடை என்றனர். நிலநடுக்கோட்டை அடுத்துக் கிடக்கும் ஜொகூர் மாநிலத்தில் வெயிற்காலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆனால் காற்றின் பருவம் உண்டு. விடுமுறை நாள்களில் தூண்டிலும் கையுமாகப் புறப்படுவோர் ‘எங்கே போனால் மீன் கிடைக்கும்?’ என்று கேட்கின்றனர். அவ்வினாவுக்குரிய விடை அந்தக் காற்றிலிருந்தே தொடங்குகிறது.

இன்று பொழுதுபோக்குக்காகக் கேட்கப்படும் இவ்வினா, ஒரு நூற்றாண்டுக்கு முன் வயிற்றுக்காகக் கேட்கப்பட்டது. கேட்டவர் பலர், விடை அறிந்தவர் சிலர். அச்சிலர் யாவர், எவ்வாறு அறிந்தனர், அவர் அறிந்த துறைகள் என்னவாயின என்று ஆராயுமிடத்து ஓர் உண்மை புலனாகும். மீன் கிடைக்கும் இடம் என்பது நிலப்படத்தில் குறித்து வைக்கத்தக்க நிலையான புள்ளி அன்று. காற்றும் ஓதமும் உப்பும் நிலவும் கூடிவரும் கூட்டமே துறை. அவற்றுள் ஒன்றைக் கலைத்தாலும் இடம் இருந்தவாறே இருக்கும், துறை இராது.

மடுவும் துறையும்

ஆற்றின் ஆழமான இடத்தை மலாய்க்காரர் ‘லுபோக்’ என்பர். தமிழில் மடு என்றும் கயம் என்றும் வழங்குவது இதுவே. வெயில் ஏறும் நேரத்தில் பெருமீன்கள் ஒதுங்குவது மடுவில். ஆற்றில் நீர் குறையும் நாளில் எஞ்சிய மீன் சேர்வதும் மடுவில். ஆதலால், ஆறாயினும் கடலாயினும் மீன் கூடும் இடம் எதனையும் லுபோக் என்றே இன்று மலேசியத் தூண்டிற்காரர் சொல்லுகின்றனர். ‘திடலுக்குத் திடல் வெட்டுக்கிளி வேறு, மடுவுக்கு மடு மீன் வேறு’ என்னும் பொருள்பட மலாயில் ஒரு பழமொழியும் உண்டு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும் என்பதே அதன் கருத்து. எனினும் மடுவுக்கு மடு மீன் மாறுவதைக் கண்ணால் கண்ட மக்களிடையேதான் இத்தகைய உவமை பிறக்கும்.

இரு காற்றும் இரு கரையும்

ஜொகூரின் மூன்று புறமும் நீர். மேற்கே மலாக்கா நீரிணை. தெற்கே சிங்கப்பூரிலிருந்து மாநிலத்தைப் பிரிக்கும் தெப்ராவ் நீரிணை. கிழக்கே தென்சீனக் கடல். இம்மூன்றும் ஒரே தன்மையுடையன அல்ல.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். தமிழகத்திலும் ஈழத்திலும் வாடை என்று அறியப்பட்ட காற்றின் இனமே இது. இக்காலத்தில் கிழக்குக் கரையில் அலை மலைபோல் எழும். எண்டாவ், மெர்சிங், செடிலி ஆகிய துறைகளில் சிறுபடகுகள் கரையேறி நிற்கும். ஏப்ரல் தொடங்கிக் காற்றுத் திரும்பும். தென்மேற்கிலிருந்து வரும் காற்று தீபகற்பத்து நிலத்தைக் கடந்த பிறகே கிழக்குக் கரையை அடைகிறது. அதனால் அங்குக் கடல் அடங்குகிறது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று பெயரிட்ட காற்றுக் காலம் இது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையுள்ள இத்திங்கள்களே கிழக்குக் கரையில் மீன்பிடிப்புக்கு உரியவை. கணவாய்க்காக இரவில் விளக்கேற்றிப் படகிலிருந்து தூண்டிலை மேலும் கீழும் ஆட்டும் வழக்கமும் இப்பருவத்துக்கு உரியதே.

மேற்குக் கரையின் நிலை வேறு. சுமத்திராத் தீவு ஒரு புறமும் தீபகற்பம் மறுபுறமும் அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணையில் பேரலை குறைவு. மூவார், பத்து பகாட், பொந்தியான், குக்குப் ஆகிய இடங்களில் மணற்கரையைக் காட்டிலும் சேறும் கண்டற்காடுமே மிகுதி. கிழக்கே பாறையையும் பவளத்தையும் தேடும் மீன்கள் கிடைக்க, மேற்கே சேற்றை விரும்பும் இறாலும் மடவையும் கொடுவாவும் கிடைக்கின்றன. ஆகவே டிசம்பர் விடுமுறையில் மெர்சிங்குக்குத் தூண்டிலோடு செல்பவர் வெறுங்கையோடு திரும்பினால் அது மெர்சிங்கின் குற்றம் அன்று.

நீருக்குள் செவி வைத்தவர்

கடல் அடங்கினால் மட்டும் போதாது. பரந்த நீரில் மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று அறிய வேண்டும். எதிரொலிக் கருவிகள் வருவதற்கு முன் தீபகற்பத்துக் கிழக்குக் கரையில் இத்தொழிலுக்கென்றே ஒருவர் இருந்தார். ‘ஜூரு செலாம்’ என்பது அவர் பெயர். மூழ்குவதில் வல்லவர் என்பது அதன் பொருள். அவர் படகிலிருந்து இறங்கித் தலையை நீருக்குள் அமிழ்த்திச் செவிகொடுப்பார். எம்மீன் எத்திசையில் நிற்கிறது, கூட்டம் பெரிதா சிறிதா என்று ஒலியைக் கொண்டே சொல்லுவார். அவர் கைகாட்டிய பிறகே வலை இறங்கும்.

இதனைக் கற்பனை என்று தள்ளுவதற்கு இல்லை. கத்தாளை இனத்து மீன்கள் தம் காற்றுப்பையை அதிரச் செய்து உரக்க ஒலி எழுப்புவன. நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேற்பட்ட விரைவில் செல்லும். 1939, 1940ஆம் ஆண்டுகளில் கிளந்தானில் உள்ள பெருப்போக் என்னும் கடற்கரை ஊரில் தங்கி மலாய் மீனவர் வாழ்வை ஆராய்ந்த மானிடவியலறிஞர் ரேமண்ட் ஃபர்த், 1946இல் வெளிவந்த தம் நூலில் இவ்வல்லுநரின் பணியை விரிவாக எழுதியுள்ளார். வலைக்கூட்டத்தின் வருவாய் அவருடைய திறமையைப் பொறுத்திருந்தது. அவருக்குரிய பங்கும் அதற்கேற்ப அமைந்தது.

மீன் தானே வரும்வரை காத்திராமல் அதற்கு நிழல் செய்து கொடுக்கும் முறையும் உண்டு. தென்னோலைகளைக் கயிற்றில் கட்டி, ஒரு முனையில் கல்லும் மறுமுனையில் மிதவையும் சேர்த்துக் கடலில் இறக்குவர். ‘உஞ்சாங்’ எனப்படும் இவ்வோலை நிழலில் சிறுமீன் ஒதுங்கும். சிறுமீனைத் தேடிப் பெருமீன் வரும். ஓலையை இறக்கிய இடத்தை மறுநாள் கண்டுபிடிப்பதும் ஒரு கலையே. கரையில் தெரியும் மலைமுகட்டையும் மரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நேர்வைத்து ஒரு கோடு. வேறு இரு குறிகளை நேர்வைத்து மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடமே துறை. குமரிக் கடற்கரை மீனவர் இம்முறையைக் கணிச்சம் என்பர். நிலத்தைப் பார்த்துக் கடலை அளக்கும் இவ்வறிவு இரு நாட்டுக்கும் பொதுவானது.

கேலோங் நின்ற இடங்கள்

ஜொகூரின் தென்கரையிலும் சிங்கப்பூரைச் சுற்றிய நீரிலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வரிசை வரிசையாக நின்றவை கேலோங் என்னும் மீன்பொறிகள். நீபோங் என்னும் பனையினத்து மரங்களைக் கடலடிச் சேற்றில் ஊன்றி, ஆழமற்ற பகுதியிலிருந்து ஆழத்தை நோக்கி நீண்ட வேலி அமைப்பர். ஓதத்தோடு வரும் மீன் வேலியில் முட்டினால் ஆழத்தை நோக்கித் திரும்பும். அஃது அதன் இயல்பு. திரும்பிய மீன் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அறைகளில் புகும். உள்ளே போகும் வாயில் அகலம். வெளியே வரும் வழி அதற்குத் தெரியாது. கடைசி அறையில் வலை விரிந்திருக்கும். மேலே குடில் கட்டி இரவில் விளக்குத் தொங்கவிட்டு, உரிய நேரத்தில் வலையைச் சுழலுருளையால் ஏற்றுவர். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் கம்பு நட்டு விரிக்கும் சிறகுவலையும் மீனைத் தடுத்து வழிப்படுத்தும் இதே கருத்தில் அமைந்ததுதான்.

கேலோங்கின் பெருமை அதன் மரத்தில் இல்லை; இடத்தில் இருக்கிறது. அடி மென்மையாக இருந்தால்தான் கம்பு இறங்கும். ஓதம் அவ்வழியே ஓடினால்தான் மீன் வரும். ஓட்டம் மிகுந்தால் வேலி சாயும். குறைந்தால் மீன் வராது. வலையைச் சுருட்டி வேறிடம் போகலாம். கேலோங்கைப் பெயர்க்க முடியாது. தவறான இடத்தில் ஊன்றியவர் முதலை இழந்தார். எனவே நிலைத்து நின்ற கேலோங் ஒவ்வொன்றும் அவ்விடத்து நீரோட்டத்தை நன்கு அறிந்த ஒருவரின் சான்றிதழ் எனலாம்.

நிலவும் இதில் பங்கு கொள்கிறது. முழுநிலா இரவில் கடலெங்கும் ஒளி பரவுவதால் விளக்கின் கவர்ச்சி குன்றும். கேலோங்குக்கு இருள் இரவே ஏற்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவவு நாளில், அதாவது முழுநிலா நாளில், கடல்மேற் செல்லாது உண்டாடி மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அவர் ஓய்ந்ததற்குச் சமயம் காரணமாகலாம், தொழில் காரணமாகலாம், இரண்டும் ஆகலாம். நிலவைப் பார்த்துத் தொழிலை வகுப்பது மட்டும் இரு கடற்கரைக்கும் பொது.

நீரிணை இரண்டானது

தெப்ராவ் நீரிணையின் கழிகளையும் கண்டற்காடுகளையும் மற்றெவரினும் நன்கு அறிந்தவர் ஓராங் சிலேத்தார் என்னும் தொல்குடியினர். படகே அவர்க்கு வீடு. படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தனர். சிங்கப்பூரில் அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜே. டி. தாம்சன் 1847இல் இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை, இம்மக்களைப் பற்றிய தொடக்ககால எழுத்துச் சான்றுகளுள் ஒன்று. எக்கழியில் எந்த ஓதத்தில் நண்டு ஏறும், எவ்வேரடியில் மீன் ஒதுங்கும் என்பவை அவர்க்கு எழுதாத நூல்.

அந்நூலின் முதல் ஏட்டைக் கிழித்தது ஒரு பாலம். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் தரைப்பாலத்தின் வேலை 1919இல் தொடங்கி, 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் முறையாகத் திறக்கப்பட்டது. இது தூண்களின்மேல் நிற்கும் பாலம் அன்று. கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பிய, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கரை. சிறுகலங்கள் கடக்க ஜொகூர்ப் பக்கத்தில் மதகுவழி ஒன்று அமைத்தனர். 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் பாலத்தைத் தகர்த்தனர். அதன்பின் அம்மதகுவழியும் பயன்படவில்லை.

இரயிலும் மோட்டாரும் கடந்தன. ஆனால் ஓதம் கடக்கவில்லை. கிழக்கிலிருந்து மேற்காகவும் மேற்கிலிருந்து கிழக்காகவும் ஓடிக்கொண்டிருந்த நீர், அன்று முதல் இரு முட்டுச்சந்துகளாயிற்று. ஓட்டம் தளர்ந்த இடத்தில் சேறு படிவது இயற்கை. ஊடாகச் சென்ற மீனுக்கு வழி அடைபட்டது. 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்பு தூண்களின்மேல் நிற்பதால் அதன் அடியில் நீர் ஓடுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் பாலம் கட்டும் வகையிலும் ஒரு துறையின் வாழ்வு அடங்கியிருப்பது விளங்கும்.

ஆற்றில் தேடியோர்

கடலை விட்டு ஆற்றுக்கு வருவோம். கோத்தா திங்கி வழியே ஓடும் ஜொகூர் ஆறு, நீண்ட கால்களையுடைய பெரிய ஆற்றிறாலுக்குப் பெயர் பெற்றது. மலாயில் இதனை ‘ஊடாங் காலா’ என்பர். இவ்விறால் நன்னீரில் வளர்வது. ஆயினும் இதன் குஞ்சுகளை நன்னீரில் வளர்க்க முயன்றோர் யாவரும் தோற்றனர். பினாங்குத் தீவின் குளுகோர் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஷாவ் வென் லிங் என்னும் அறிஞர் 1960களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைக் கண்டார். குஞ்சுகள் உயிர்வாழச் சிறிது உப்பு வேண்டும். தாயிறால் ஆற்றின் கீழே கழிமுகம் வரை இறங்கி முட்டை பொரிக்கிறது. குஞ்சு வளர்ந்து மேலே ஏறுகிறது. உலகமெங்கும் இன்று நடக்கும் ஆற்றிறால் வளர்ப்புக்கு வித்திட்டது இக்கண்டுபிடிப்பே. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் எல்லையை ஆற்றோர மக்கள் அனுபவத்தால் அறிந்து தூண்டில் போட்டனர். அந்த எல்லை மழைக்கும் ஓதத்துக்கும் ஏற்ப ஏறி இறங்கும். துறையும் அதனோடு ஏறி இறங்கும்.

வடகிழக்கே எண்டாவ் ஆற்றின் மேற்பகுதியில், பாறைகளுக்கிடையே தெளிந்து ஓடும் நீரில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘கெலா’ வாழ்கிறது. ஜாக்கூன் எனப்படும் தொல்குடி மக்களின் காடு அது. 1985, 1986ஆம் ஆண்டுகளில் மலாயன் இயற்கைக் கழகம் அங்கே பெரிய ஆராய்ச்சிப் பயணம் நடத்தியது. 1993இல் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்கா ஜொகூரில் முறையாக அறிவிக்கப்பட்டது.

இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் தேடிய துறைகள் இவற்றைவிடச் சிறியவை. குளுவாங், சிகாமாட், கூலாய் வட்டாரத் தோட்டங்களை அடுத்த ஓடைகளும் வாய்க்கால்களுமே அவை. புதுநாட்டு நீரில் அவர்கள் கண்டவை பழகிய முகங்கள். மலாயில் ‘ஹாருவான்’ என்பது விரால். ‘கெலி’ என்பது கெளுத்தி இனம். ‘புயு’ என்பது பனையேறிக் கெண்டை. இக்கடைசி மீனுக்குத் தமிழோடு தனித் தொடர்பு உண்டு. 1791இல் தரங்கம்பாடியில், டேனியக் கம்பெனியைச் சேர்ந்த டால்டார்ஃப் என்பவர் இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797இல் இலண்டனில் அச்சாயிற்று. சேற்றிலும் ஈரநிலத்திலும் ஊர்ந்து செல்லவல்ல இம்மீனின் தமிழ்ப்பெயரிலேயே அச்செய்தி முன்னரே அடங்கியிருந்தது. தஞ்சைக் குளத்தில் தூண்டில் போட்டுப் பழகிய கைக்கு ஜொகூர் வாய்க்காலும் அந்நியமாக இருந்திராது.

அழிந்தவையும் காக்கப்பட்டவையும்

இழுவலைப் படகுகள் 1960களில் பெருகியபோது கரையோர மீனவர் துறைகளுக்கு இடர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் அரசாங்கம் கடலை வலயங்களாகப் பிரித்து, கரையிலிருந்து 5 கடல் மைல் வரையுள்ள நீரை மரபுவழிக் கருவிகளுக்கு ஒதுக்கியது. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின் கீழ், 1994இல் மெர்சிங்குக்கு அப்பாலுள்ள ரவா, பெசார், திங்கி, சிபு முதலிய தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல் அளவுக்குக் கடற்பூங்கா அமைந்தது. அவ்வெல்லைக்குள் மீன்பிடித்தல் விலக்கப்பட்டது. பவளப்பாறையில் மீன் திரள்வதைக் கண்டு தூண்டிலை எடுப்பவர் இதனை முதலில் அறிதல் வேண்டும். சிறந்த துறை சில இடங்களில் தொடக்கூடாத துறையாகவும் இருக்கும். அங்கே பெருகும் மீனே எல்லை கடந்து வெளியே வருகிறது.

தென்மேற்கு மூலையில் குக்குப் தீவு, தஞ்சோங் பியாய், பூலாய் ஆற்று முகம் ஆகிய மூன்று கண்டற்காடுகளும் 2003இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. கண்டலின் வேரடியே மீன்குஞ்சின் தொட்டில் என்பதை உலகம் ஒப்புக்கொண்டதற்கு இஃது அடையாளம். ஆனால் அதே பூலாய் முகத்தில் தஞ்சோங் பெலேப்பாஸ் துறைமுகம் 1999இல் இயங்கத் தொடங்கியது. அருகிலுள்ள மெராம்போங் கடற்புல் திட்டை ஒட்டி 2014 முதல் ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகரத்துக்காகக் கடல் தூர்க்கப்பட்டது. தெப்ராவின் கிழக்கே பாசிர் கூடாங்கில், 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் எவரோ கொட்டிய இரசாயனக் கழிவினால் ஆயிரக்கணக்கானோர் நலங்கெட்டனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே கேடு மீனோடு நிற்கவில்லை. ஆற்றங்கரையில் வாழ்ந்த குழந்தைகளின் மூச்சுவரை வந்தது.

ஓராங் சிலேத்தார் இன்று படகில் வாழ்வதில்லை. ஜொகூர்க் கரையில் சில சிற்றூர்களில் தங்கி, மீனும் நண்டும் பிடித்தும் சிப்பி வளர்த்தும் வாழ்கின்றனர். தம் மரபுநிலத்துக்காக அவர்களுள் சிலர் வழக்காடினர். 2017இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. படகில் திரிந்த மக்கள் தம் உரிமையை நிலத்தின் பேரால் நிறுவ வேண்டியிருந்தது எண்ணத்தக்கது. அவர் அறிந்த ஓதத்துக்கும் கழிக்கும் பட்டா எழுதித் தருவார் யாரும் இல்லை.

துறை கேட்போர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து விடுமுறைப் பயணிக்குக் கிடைக்கும் விடை எளியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எனில் கிழக்குக் கரை; வாடைக் காலம் எனில் மேற்குக் கரையும் ஆறுகளும். முழுநிலாவையும் மறைநிலாவையும் ஒட்டிய நாள்களில் ஓதம் வலுக்கும், இடைநாள்களில் தளரும். கழிமுகத்தில் நீர் ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். பூங்கா எல்லை எது என்று கேட்டறிய வேண்டும். இவை யாவற்றினும் மேலாக, அவ்வூரில் வலையோடு வாழும் முதியவர் ஒருவரிடம் பணிவோடு பேச வேண்டும்.

எதிரொலிக் கருவி மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும். அம்மீன் ஏன் அங்கே வந்தது, அடுத்த திங்கள் வருமா, பத்தாண்டுக்கு முன் வந்ததா என்பவற்றை அது சொல்லாது. அவற்றைச் சொல்லவல்லோர் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனர். லுபோக், கேலோங், உஞ்சாங் என்ற சொற்களையும், மடு, ஓதம், உவவு, கொண்டல் என்ற சொற்களையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர், மாணவர்க்கு ஒரு வேலை தரலாம். தம் ஊர் ஆற்றில் முன்பு மீன் கிடைத்த துறைகளின் பெயர்களையும், எந்த மாதம் எம்மீன் கிடைத்தது என்பதையும் தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். அந்த ஏட்டில் மீன் இன்றும் வரும் துறைகள் சில இருக்கும். வராத துறைகள் பல இருக்கும். வராததற்குக் காரணம் என்னவென்று மாணவர் கேட்கத் தொடங்கினால், அத்துறைகளுள் சிலவாவது பிழைக்க வழி பிறக்கும்.